உனக்கு நான் கேட்டு வாங்கிய தண்டனை

கதிர்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, "சரி விடும்மா" என்று ஒரு வரி அனுப்பிவிடுவாய். இது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. அங்கே நாசிக்கில் உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி முடிந்து மைதானம் காலியான பிறகு, ஓரமாக உட்கார்ந்து மெதுவாகப் படி. ஏதாவது வார்த்தை புரியவில்லை என்றால் அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேள். என்னிடம் கேட்காதே. வாய்விட்டுச் சொல்ல முடியாததால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அஸ்வினி வீட்டுக்கு நானும் அப்பாவும் உங்கள் கல்யாணத் தேதி பேசப் போயிருந்தோம். கோத்ரூட்டில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவளுடைய பெரியப்பாவும் இருந்தார். நல்ல மனிதர். அவல் போஹா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "கதிர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தானாமே, ஏன் விட்டுவிட்டான்?" என்று ஹிந்தியில் சும்மா பேச்சுக்குக் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முழங்கால். லிகமென்ட் கிழிந்துவிட்டது" என்றேன். எந்தக் கால் என்று கேட்டார். வலது என்றேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அஸ்வினியின் அம்மா டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததை நான் கவனித்தேன். கிளம்பும்போது அந்த அம்மா வாசல் கேட் வரைக்கும் எங்களோடு இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று மேலே ஒன்றும் பேசவில்லை. கதிர் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே எங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டான். கஞ்சா, விடுதி, ஆஸ்பத்திரி, எல்லாம். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து சொன்னான். அன்றைக்குத்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது."

சிஞ்ச்வட் வந்து, நம் வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் அப்பா கேட்டார். "ஏனுங்கம்மிணி, முழங்கால்னு சொல்ல எப்படி உனக்கு வாய் வந்துச்சு? பையனே தைரியமா சொல்லியிருக்கறான்." எட்டு வருஷமாக அவர் என்னிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. முப்பது வருஷமாக என்று சொன்னாலும் தப்பில்லை. அதை இந்தக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உனக்குத் தெரிந்ததையே, நான் பார்த்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. நானூறு மீட்டர் இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடிப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் உன் கால் நகர்ந்துவிட்டது. ஒருவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார். மற்ற ஏழு பேரும் மறுபடி குனிந்து தயாரானார்கள், நீ மட்டும் தனியாக நடந்து வெளியே வந்தாய். நான் கேலரியில் இருந்தேன். ஒரு ஓட்டம் போனது, அடுத்தது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து விளையாட்டு விடுதியிலிருந்து ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, தூக்கம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா அந்த கன் சத்தம் கேக்குது. ரன் பண்ணும்போதும் கேக்குது" என்றாய். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒடம்பு நல்லாக் களைச்சா தூக்கம் தானா வருங்கண்ணு. நாளையிலிருந்து இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்தி ஓடு" என்றேன். நீ "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் வாயிலிருந்து அதைப் பற்றி வந்த முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான். விடுதியில் யாரோ கொடுத்ததை இழுத்துவிட்டு, பல வாரங்களுக்குப் பிறகு ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாய் என்பது பின்னாளில் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டு, நான் இல்லையென்று சொன்ன தூக்கம் அது.

அடுத்த போட்டியில் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா இருப்பது தெரிந்தது. உன் கோச் ஷிண்டே சர் எனக்கு வேலை நேரத்தில் போன் செய்தார். பிம்ப்ரி மருந்துக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள் நான். சோதனை ஒன்றைச் சொன்னால் எனக்கு அதுதான் கடைசி வார்த்தை. ஆனால் எங்கள் லேபில் ஒரு பேட்ச் தேறவில்லை என்றால் உடனே கொட்டிவிட மாட்டோம். தனியாக எடுத்து வைத்து, ஏன் தேறவில்லை என்று தேடுவோம். எந்த மூலப்பொருள், எந்த மெஷின், யார் கை, எத்தனை டிகிரி வெப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவோம். மாத்திரைக்குக் கொடுத்த அந்த மரியாதையை உனக்கு நான் கொடுக்கவில்லை. நேராக விடுதிக்கு வந்து, கேட் பக்கத்தில், உன் ஜூனியர் பையன்கள் பார்க்க, உன் கன்னத்தில் அறைந்தேன். "எதுக்குடா?" என்று கத்தினேன். அது கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லை. நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய், அதற்குள் இரண்டாவது அறை விழுந்தது.

பிறகு அந்த விசாரணை. நீண்ட மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவராக இருந்தவர் உன்னை ஒரு உதாரணமாக ஆக்க வேண்டும் என்று தீர்மானித்தே வந்திருந்தார். "இவனைச் சும்மா விட்டால் நாளைக்கு விடுதி முழுக்கப் புகையும்" என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா மட்டும்தான் உன் காகிதங்களைப் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இந்தப் பையன் வேகமாக ஓடுவதற்காக இதை எடுக்கவில்லை. தூங்குவதற்காக எடுத்திருக்கிறான். போட்டி விதிகளே இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கின்றன. சிகிச்சைக்குச் சம்மதித்தால் போட்டித் தடை இன்னும் குறையும். விடுதியிலும் அதே மாதிரி செய்யலாம். இங்கேயே தங்கட்டும், வாரம் ஒரு நாள் என்னிடம் வரட்டும். இவனுக்கு வேண்டியது மனநல சிகிச்சை, தனிமை இல்லை." இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, "பெற்றோர் என்ன சொல்கிறீர்கள்? மனநல சிகிச்சைக்குச் சம்மதக் கடிதம் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், கதிர். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. நீ கெஞ்சினாய். நான் எழுந்து நின்று, என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன். "என் மகன் தப்புப் பண்ணினான். தண்டனை கொடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் அவனுக்கு மனநோய் என்று எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள்." டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு உன்னைக் கேட்டார். "நீ வயது வந்தவன். நீ என்ன சொல்கிறாய்?" நீ கையால் நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே, "அம்மா சொல்றதுதான்" என்றாய். ஒரு வருஷம் விடுதிக்குள் வரக்கூடாது, மைதானத்தில் பயிற்சி செய்யக்கூடாது என்று எழுதி, கையெழுத்து வாங்கினார்கள்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. வெளியே வரும்போது தலைவர் என்னிடம், "எல்லா அம்மாக்களும் உங்களைப் போல இருந்தால் விளையாட்டு உருப்படும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகு நிமிர்ந்து நடந்தேன். நீ எனக்குப் பின்னால் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

தண்டனை எனக்கு ஏன் அத்தனை சுலபமாக இருந்தது என்று நிறைய நாள் யோசித்திருக்கிறேன். தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. அது முடிந்தால் எல்லாம் பழையபடி என்று நம்பிக்கொள்ளலாம். தண்டிக்கிறவள் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. சிகிச்சை என்றால் யாராவது கேள்வி கேட்பார்கள். எப்போதிலிருந்து, யாரிடம் சொன்னாய், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகள் என் சமையலறை வரைக்கும் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நம் அடுக்குமாடிச் சொஸைட்டியில் எல்லோருக்கும் நான் சொன்னது முழங்கால். அஸ்வினி வீட்டில் சொன்ன பொய் அன்றைக்குப் பிறந்ததுதான். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து நான் திரும்பும்போது நீ லிஃப்டுக்குள் நின்றிருந்தாய். கூடவே மூன்றாம் மாடி தேஷ்பாண்டே அம்மா. லிஃப்ட் நின்றதும் நீ வெளியே வந்தாய், வலது காலை இழுத்து இழுத்து. நொண்டினாய். என் பொய்க்காக, ஓடுவதற்கென்றே பிறந்த அந்தக் காலை நீ இழுத்து நடந்தாய். கதவைச் சாத்திய பிறகு நேராக நடந்து உன் அறைக்குப் போனாய். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றைக்காவது உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். பருப்புக்குக் குக்கர் வைத்தேன்.

அந்த அறையிலேயே நீ எத்தனை மாதம் கிடந்தாய். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும். அப்பா வேலை முடிந்து வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். "கதிரு, வாடா, சும்மா ஒரு ரவுண்டு வண்டியில போயிட்டு வரலாம்" என்பார். நீ வரமாட்டாய். அவர் என்னிடம் வந்து, "யாராச்சும் டாக்டருகிட்ட காட்டலாமுங்" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நான், "தண்டனை முடிஞ்சா சரியாப் போயிரும்" என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு அதற்காகக் கோபம் உண்டு. என் மேல் இருக்கும் கோபத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை நீ அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். பரவாயில்லை, வெளியே கிளம்பிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். மூன்று மணிக்கு ஷிண்டே சர் போன் செய்தார். "பையன் என்னோடு இருக்கிறான். பயப்படாதீர்கள். கடக்வாஸ்லாவுக்கு வாருங்கள்" என்றார். நீ அணைக்கட்டின் சுவர் மேல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாய். பிறகு போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாய். என்னைக் கூப்பிடவில்லை, கதிர். உன் போனில் "அம்மா" முதலில் இருக்கும். அதைத் தாண்டிக் கீழே தேடிப் போய் அவரைக் கூப்பிட்டாய். கூப்பிட்டாயே, அது போதும் என்று இப்போது நினைக்கிறேன். அவர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, "போனை வைக்காதே. சோளக் கடை தெரியுதா? அங்கே எத்தனை பேர் நிக்கறாங்கன்னு எனக்கு எண்ணிச் சொல்லு" என்று பேசிக்கொண்டே, ஒரு நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்திருக்கிறார். நாங்கள் வந்தபோது நீ சோளக் கடை பெஞ்சில் நனைந்து உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "சாரிம்மா" என்றாய்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்.

ஷிண்டே சர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேடம், அன்றைக்கு நான் அந்த ரூமுக்கு வெளியேதான் நின்றேன். உள்ளே வந்து இவனுக்காகப் பேசியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இப்போது நேராக, விசாரணையில் இருந்த அந்த டாக்டரிடம் போவோம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் நான் கூட்டிக்கொண்டு போவேன்." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உன்னுடையது. இரண்டு வருஷம் சிகிச்சை. எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. நடுவில் இரண்டு முறை மறுபடி புகைத்தாய், நீயே போய் டாக்டரிடம் சொன்னாய். அவர் கோபப்படவில்லை. "வந்து சொன்னாயே, நல்லது. அந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேட்டாராம். அறைந்துகொண்டே "எதுக்குடா" என்று நான் கேட்டதும் அதே கேள்விதான். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். தண்டனை வருஷம் அதன்பாட்டில் முடிந்தது. உன் இடத்தில் வேறு பையன் ஓடிக்கொண்டிருந்தான். சிகிச்சை உனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஓட்டத்தைக் கொடுக்கவில்லை. ஆரம்பத்திலேயே போயிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கலாம். அந்த "இருக்கலாம்" என் பேரில்தான் எழுதப்பட வேண்டும்.

இனி, உனக்குத் தெரியாதது.

முதல் நாள் அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா? இரண்டு பக்கமும் யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். நீ அணையிலிருந்து திரும்பிய அன்றைக்கு, உன் சட்டை இன்னும் காயாத நேரத்தில், நான் "யாருக்கும் இல்லை" என்றேன். பொய். உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தான். எனக்கு மூன்று வயது இளையவன். பெயர் செந்தில்குமார். கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்த காலம். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தில் அவனுக்குத் தூக்கம் போனது. பிறகு யாரோ பேசுவது கேட்கிறது என்றான். பிறகு அந்த யாரோவுக்குப் பதில் பேச ஆரம்பித்தான். அப்பா பெல்ட்டால் அடித்தார், திமிர் என்றார். டாக்டரிடம் காட்டினால் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவனைப் பின்னறையில் வைத்துப் பூட்டினோம். பூட்டியது நான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்து நின்றேன். அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டினான். "அக்கா" என்றான். பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்றார் அப்பா.

என் கல்யாணம் முடிந்ததும், இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டு வருகிற ஒரு இடத்தில் அவனை விட்டுவிட்டு வந்தார்கள். மூன்றாவது வருஷம் காய்ச்சலில் போய்விட்டான் என்று போன் வந்தது. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அதனால் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் உன் அப்பாவுக்கு விஷயமே தெரியும். அவர், "முன்னாலயே சொல்லியிருந்தாலும் நான் உன்னையக் கட்டியிருப்பனே" என்றார். அதோடு சரி.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாக டாக்டரம்மாவிடம் போனேன். வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து உன் கோப்பில் எழுதிக்கொண்டார். "இப்படி ஒருவர் இருந்ததால் கதிருக்கும் வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சா மற்றவர்களைவிட ஆபத்து. அவன் மறுபடி புகைத்தேன் என்று வந்து சொன்ன அன்றைக்கு நான் இதை அவனிடம் சொல்லியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "உங்கள் தம்பியின் பெயர் என்ன?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவருக்குக் கேட்க இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் கேட்டுக்கொள், கதிர். இனி ஒரு முறைகூட அதைத் தொடாதே. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, உன்னிடமிருந்து நான் மறைத்த மருத்துவக் குறிப்பாகச் சொல்கிறேன். அஸ்வினியிடமும் சொல். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அது ஒரு மத்தியானம் தூக்கம் வரவில்லை என்று வந்து நின்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். உன் பள்ளி மைதானத்திலும் ஒருத்தன் அப்படி வருவான். அவனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள், உதாரணமாக்கச் சொல்வார்கள். அவனுடைய அம்மாவே எழுந்து நின்று தண்டனை கேட்டாலும் கேட்பாள். அவள் எதையோ பூட்டி வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொள். அவளைத் திட்டாதே. ஆனால் அவள் பேச்சைக் கேட்காதே.

கோயம்புத்தூரில் அச்சடிக்கிற தமிழ்க் கல்யாணப் பத்திரிகையின் நகல் நேற்று வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் என் பொள்ளாச்சிச் சித்தப்பா மகன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மேடையில் அவர்தான் நிற்கப்போகிறார், நிற்கட்டும். அவர் பெயருக்கு மேலே 'அமரர் செந்தில்குமார், சிங்காநல்லூர்' என்று ஒரு வரி சேர்க்க எனக்கு ஆசை. ஊரில் கேட்பார்கள். கேட்டால் நான் சொல்கிறேன். ஆனால் இது உன் கல்யாணம். நீயும் அஸ்வினியும் பேசி முடிவு பண்ணுங்கள். வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை. வியாழக்கிழமை வரை அச்சடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவனைப் பற்றி நீ என்ன கேட்டாலும் இனி சொல்வேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில், நம் வீட்டில் எல்லோரும் வலது கையால் எழுதுகிறோம், நான் மட்டும் ஏன் இடது கை என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியும், கண்ணு. செந்திலுக்கும் இடது கை.

அம்மா